பழைய டோப்போ ஷீட்டில் ஒரு சின்ன ரயில் ஊரைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் ரயிலை நம்பியே முளைத்த ஒரு சின்ன ஊரைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த ஊரின் பழைய டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஆறு, சாலை, ரயில் எல்லாவற்றையும் காட்டும் வரைபடத் தாளை, எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான் சிறந்த வழி. பழைய புகைப்படம் ஒரு தெருவைக் காட்டும், பழைய செய்தித்தாள் ஒரு சம்பவத்தைச் சொல்லும். ஆனால் ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, இரண்டு மைல் தள்ளி ஏன் இல்லை என்ற கேள்விக்கு மலையும் ஆறும் தண்டவாளமும் ஒரே தாளில் சேர்ந்து இருந்தால்தான் பதில் கிடைக்கும். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். முதலில் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள், அப்புறம் தண்டவாளம், அப்புறம் நிலத்தின் ஏற்ற இறக்கம், கடைசியில்தான் ஊர். பெரும்பாலானவர்கள் நேராக ஊரின் பெயரைத் தேடிப் போய் அங்கேயே கண்ணை வைத்துவிடுகிறார்கள், அதில் பாதி விஷயம் தவறிப்போகிறது.

ஷீட் கிடைப்பதில் சிரமமே இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் 1879-இல் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாவது இயக்குநர் ஜான் வெஸ்லி பவல் கேட்டு, 1884-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இசைவு தர, நாடு முழுவதையும் ஒரே முறையில் அளந்து வரையும் வேலை ஆரம்பமானது. அன்று தொடங்கி 2006 வரை அச்சான ஷீட்டுகளை ஸ்கேன் செய்து டோப்போவியூ என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் வேலை என்பதால் காப்புரிமைப் பிரச்சினையும் கிடையாது, தாராளமாக இறக்கி அச்செடுத்துச் சுவரில்கூட மாட்டலாம். தேடும் பெட்டியில் ஊரின் பெயரைப் போட்டு, வரைபடத்தில் அந்த இடத்தைச் சொடுக்கினால் அந்தப் புள்ளி அடங்கும் ஷீட்டுகள் எல்லாம் வரிசையாக வரும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஷீட்டின் பெயரும் உங்கள் ஊரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பக்கத்திலிருக்கும் பெரிய ஊரோ மலையோ தலைப்பைப் பிடித்திருக்கலாம். அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாமல் இடத்தை வைத்தே தேடுங்கள். ஊர் ஷீட்டின் ஓரத்தில் விழுந்திருந்தால் அடுத்த ஷீட்டையும் சேர்த்து இறக்கிவிடுங்கள், ஏனென்றால் ரயில் பாதை ஷீட்டின் எல்லையோடு நிற்காது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஜேபெக் போதும், கணினியில் இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் எண்ணம் இருந்தால், இடத்தின் விவரமும் படத்தோடு சேர்ந்திருக்கும் ஜியோடிஃப் கோப்பை எடுங்கள்.

பட்டியலில் ஒரே இடத்துக்குப் பல அளவைகளில், அதாவது நிலத்தை எத்தனை மடங்கு சுருக்கி வரைந்தது என்ற விகிதங்களில், ஷீட் இருக்கும். மிகப் பழையவை பெரும்பாலும் 1:125,000, அதாவது ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மைல். அடுத்தது 1:62,500, ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல், இதைப் பதினைந்து நிமிட ஷீட் என்பார்கள் (நிமிடம் என்பது இங்கே அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு). அதற்கும் பிறகு வந்தது 1:24,000, ஏழரை நிமிட ஷீட், ஒரு அங்குலத்துக்குச் சரியாக 2,000 அடி. ரயில் ஊரைப் படிக்க நான் முதலில் எடுப்பது பதினைந்து நிமிட ஷீட்டைத்தான். ஊரும் சுற்றுப்புறமும் ஒரே பார்வையில் அடங்கும், பாதை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது தெரியும். ஏழரை நிமிட ஷீட் விவரம் நிறையத் தரும், ஆனால் ஆவி எஞ்சின் காலம் முடிந்த பிறகு அச்சானவைதான் அதில் அதிகம்.

சரி, ஷீட் திறந்தாயிற்று. நடுவில் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இருக்கும்: நிலத்தை அளந்த ஆண்டு ஒன்று, பதிப்பின் ஆண்டு ஒன்று, மறு அச்சு என்று இன்னொன்று. 1893-இல் அளந்து, 1898-இல் பதிப்பித்து, 1910-இல் மறு அச்சு போட்டிருந்தால் அந்த ஷீட் காட்டும் ஊர் 1893-இன் ஊர்தான். மறு அச்சில் சில சமயம் ஏதாவது ஒரு பாதையையோ பெயரையோ சேர்த்திருப்பார்கள், அதை வைத்து மொத்தமும் புதிது என்று நம்பிவிடக் கூடாது. இணையதளத்தின் பட்டியலில் தெரியும் ஆண்டைப் பார்த்துவிட்டு "1910-இல் இங்கே இந்தக் கிளைப்பாதை இல்லை" என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர், ஓரத்தைப் படித்திருந்தால் அந்தத் தவறு வராது. 1960-களுக்குப் பிறகு வந்த சில ஷீட்டுகளில் ஊதா நிறத்தில் கோடுகளும் கட்டடங்களும் தெரியும். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பின்னால் சேர்த்தவை அவை, களத்துக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை என்று ஓரத்திலேயே எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஷீட் ஒன்று கிடைத்தால் நல்லதுதான், கறுப்பு ஒரு காலம், ஊதா இன்னொரு காலம் என்று ஒரே தாளில் இரண்டு காலம் கிடைக்கிறது.

ஓரத்தில் இன்னும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம உயரக்கோடுகளுக்கு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு, இடையிலான உயர வித்தியாசம். 20 அடி, 50 அடி, 100 அடி என்று ஷீட்டுக்கு ஷீட் மாறும். இது தெரியாமல் மலையின் செங்குத்தைப் பற்றிப் பேசவே முடியாது. நிறங்கள் எளிது: மனிதர் கட்டியது கறுப்பு, நீர் நீலம், நிலத்தின் உயரம் பழுப்பு. காட்டுக்குப் பச்சையும் முக்கியச் சாலைக்குச் சிவப்பும் பிற்கால ஷீட்டுகளில்தான் வழக்கமாக வரும்.

இனி தண்டவாளம். கறுப்புக் கோட்டில் குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள் போட்டிருந்தால் அது ரயில் பாதை. ஷீட்டின் ஒரு ஓரத்தில் அது நுழையும் இடத்தில் தொடங்கி மறு ஓரத்தில் வெளியேறும் வரை விரலால் தொடர்ந்து போங்கள். எந்த ரயில் நிறுவனத்தின் பாதை என்ற பெயர் கோட்டை ஒட்டியே எழுதியிருக்கும். வழியில் எங்கெல்லாம் ஒரு கோடு இரண்டாகவோ நான்காகவோ பிரிகிறது, எங்கிருந்து கிளை ஒன்று பள்ளத்தாக்குக்குள் புகுந்து சட்டென்று முடிந்துபோகிறது, எங்கே இரண்டு கம்பெனிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று முடியும் கிளையின் நுனியில் ஏறக்குறைய எப்போதும் ஒரு காரணம் இருக்கும்: சுரங்கம், கல் குவாரி, மர அறுவை ஆலை, செங்கல் சூளை. பெயர் எழுதியிருக்காவிட்டாலும், அந்த நுனியில் ஒரே மாதிரி சின்னச் சதுரங்கள் நெருக்கமாக வரிசைகட்டி நின்றால் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகளாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் ஏற்றம். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், நேரம் எடுத்துச் செய்யுங்கள். ரயில் செங்குத்தாக ஏறாது. நாட்டைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதைக்கான 1862-இன் பசிபிக் ரயில்வே சட்டமே, பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வேயின் உச்ச ஏற்றத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தது, அது ஒரு மைலுக்கு 116 அடி, அதாவது 100-க்கு 2.2. ஆவி எஞ்சின் கனமான சரக்கை இழுக்க ஒரு சதவீத ஏற்றமே பெரிய பாரம். இதை ஷீட்டிலேயே அளந்துவிடலாம். 1:24,000 ஷீட்டில், கோடுகளுக்கு இடையே 20 அடி வித்தியாசம் என்றால், தண்டவாளம் அங்குலத்துக்கு ஒரு சம உயரக்கோட்டைக் கடந்தால் அது சரியாக ஒரு சதவீத ஏற்றம், ஏனென்றால் 2,000 அடி நீளத்தில் 20 அடி. பதினைந்து நிமிட ஷீட்டில் ஒரு அங்குலம் 5,208 அடி, ஆகவே ஒரு சதவீதம் என்பது அங்குலத்துக்குச் சுமார் 52 அடி. கோடுகளின் இடைவெளி 50 அடி என்றால் அங்கேயும் அங்குலத்துக்கு ஒரு கோடு என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு அளவுகோலை வைத்துப் பாதை நெடுக இப்படி அளந்து வந்தால் ஏற்றம் கூடும் இடம் தானாகத் தெரியும். அந்த ஏற்றத்தின் அடிவாரத்தில் ஊர் இருந்தால், பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் அங்கே காத்திருந்ததா என்று தேட வேண்டிய ஊர் அது.

சம உயரக்கோடுகள் ஓடையைத் தாண்டும்போது அம்பின் முனை மாதிரி வளையும், முனை ஓடையின் மேட்டுப் பக்கத்தைக் காட்டும். தண்டவாளம் அந்த வளைவோடு சேர்ந்து வளைந்து போனால், கட்டியவர்கள் செலவைக் குறைக்க நிலத்தின் போக்கிலேயே போயிருக்கிறார்கள். வளையாமல் நேராகத் தாண்டினால் அங்கே பாலமோ உயர்ந்த மண் கரையோ இருக்க வேண்டும். மலைமுதுகை நேராகக் கடந்தால் மலையை மேலிருந்து வெட்டித் திறந்த வழி, அல்லது சுரங்கப்பாதை. சுரங்கப்பாதையைத் துண்டு துண்டான கோடாகக் காட்டுவார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் அந்தக் கம்பெனி எவ்வளவு பணத்தோடு வந்தது என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரு உதாரணம் வேண்டும் என்றால் மேற்கு வர்ஜீனியாவின் ஃபயெட் கவுன்டியில் இருக்கும் தர்மண்டை எடுத்துப் பாருங்கள். நியூ ரிவர் ஆறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1873-இல் செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வே இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகப் பாதையை முடித்தது, அதே ஆண்டில் டபிள்யூ. டி. தர்மண்ட் என்பவர் தான் செய்த ஒரு நில அளவை வேலைக்குக் கூலியாக 73 ஏக்கரை வாங்கிக்கொண்டார், ஊர் அங்கேதான் எழுந்தது. ஷீட்டில் பழுப்புக் கோடுகள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், நடுவில் ஆறு, ஆற்றங்கரையில் தண்டவாளம், சமதரை என்று சொல்ல ஒரு துண்டு நிலம். அதனால்தான் இந்த ஊருக்குக் கடைத்தெரு என்று தனியாக ஒன்று கிடையாது, கடைகளும் வங்கியும் தண்டவாளத்தைப் பார்த்தபடியே வரிசையாக நின்றன. பாதை ஆற்றோடு சேர்ந்தே இறங்குவதால் ஏற்றம் மிகக் குறைவு, நிலக்கரி ஏற்றிய நீளமான ரயில்களுக்கு அதுவே பெரிய வரம். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து நிலக்கரி இங்கே வந்து சேர்ந்தது, எஞ்சினுக்குத் தண்ணீரும் கரியும் பழுதுபார்ப்பும் இங்கேயே கிடைத்தன. டீசல் எஞ்சின்கள் வந்ததும் தண்ணீருக்கும் கரிக்கும் தேவை போய்விட்டது, பழுதுபார்ப்பும் குறைந்துபோனது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள் தொகை 5. இப்போது ஊரின் பெரும்பகுதி தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் இருக்கிறது, 1904-இல் கட்டிய ரயில் நிலையம் பார்வையாளர் மையமாகிவிட்டது.

தர்மண்ட் மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1:62,500 ஷீட்டில் ஒரு அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்பது நிலத்தில் நூறு அடிக்கும் மேல். ஆறு, தண்டவாளம், சாலை, கட்டடம் எல்லாம் இருநூறு அடிக்குள் அடங்கியிருந்தால் அத்தனையையும் அதனதன் இடத்தில் வரைய முடியாது, வரைபவர் ஒன்றைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார், ரயில் பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் யார்டில் இருந்த பத்துத் தண்டவாளத்தை மூன்றாகக் காட்டுவார். ஆகவே பாதையின் எண்ணிக்கையையும் கட்டடத்தின் துல்லியமான இடத்தையும் பழைய சின்ன அளவை ஷீட்டிலிருந்து எடுக்காதீர்கள். எது எதற்குப் பக்கத்தில் என்பதை மட்டும் நம்புங்கள்.

சமவெளி ஊர்கள் வேறு கதை. அங்கே உயரக்கோடுகள் அதிகம் பேசாது, தெருக்கள் பேசும். மத்திய மேற்கில் நிலத்தை ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்களாகவும், ஒவ்வொன்றையும் 36 செக்‌ஷன்களாகவும் பிரித்திருப்பதால் கிராமச் சாலைகள் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு என்று நேராக ஓடும். ஊருக்குள் தெருக்கள் மட்டும் அந்த ஒழுங்கை விட்டுச் சாய்ந்து, தண்டவாளத்துக்கு இணையாக இருந்தால் அந்த ஊரை ரயிலை வைத்தே வகுத்தார்கள் என்பது ஏறக்குறைய உறுதி. நடுவில் நேரான தெருக்களும் ஓரத்தில் சாய்ந்த தெருக்களும் என்றால் ஊர் முதலில், ரயில் பிறகு. அடுத்த ஊருக்கு எத்தனை மைல் என்றும் அளந்து பாருங்கள். ஆவி எஞ்சினுக்குத் தண்ணீர் அடிக்கடி வேண்டும், விவசாயி குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்துவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும், இரண்டும் சேர்ந்துதான் நிலையங்களை அவ்வளவு நெருக்கமாக வைத்தன. சுமார் நூறு மைலுக்கு ஒருமுறை எஞ்சினும் ஊழியர்களும் மாறும் ஊர் ஒன்று வரும். ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய யார்டும், அதன் பக்கத்தில் எஞ்சின் கொட்டகையின் வளைந்த வடிவமும் தெரிந்தால் அதுதான் அது.

கட்டடங்களில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கறுப்புச் சதுரம் வீடு, சிலுவை வைத்தது தேவாலயம், கொடி வைத்தது பள்ளி, தண்டவாளத்தை ஒட்டிய சின்னக் கட்டம் நிலையம். பிற்கால ஷீட்டுகளில் நெருக்கமான பகுதியை இளஞ்சிவப்பாக நிரப்பி முக்கியக் கட்டடங்களை மட்டும் காட்டுவார்கள், வீடுகள் இல்லை என்று அர்த்தமில்லை. எனக்குக் கல்லறைதான் முக்கியம். ஊர் காலியான பிறகும் கல்லறை அடுத்தடுத்த ஷீட்டுகளில் தொடர்ந்து வரும், மறைந்துபோன ஊரின் இடத்தைப் பிடிக்க அதுவே நம்பகமான அடையாளம்.

இதுவரை ஒரு ஷீட். இப்போது அதே இடத்தின் அடுத்த காலத்து ஷீட்டைப் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்க ரயில் பாதையின் மொத்த நீளம் உச்சத்தைத் தொட்டது 1916-இல், சுமார் 254,000 மைல். அந்த ஆண்டுகளை ஒட்டி அளந்த ஷீட்டில் இருக்கும் கிளைப்பாதைகள் பல, 1950-களின் ஷீட்டில் இருக்காது. சில இடங்களில் கைவிட்ட பாதை என்ற குறிப்போடு துண்டு துண்டான கோடாக மிஞ்சும், சில இடங்களில் அதே வளைவில் ஒரு கிராமச் சாலை ஓடும். மலைச்சரிவில் காரணமில்லாமல் ஒரே சீரான மெல்லிய ஏற்றத்தில் வளைந்து போகும் சாலையைக் கண்டால் பழைய ஷீட்டைத் திறந்து பாருங்கள், அடியில் தண்டவாளம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்குப் பெயர் பெற்ற இடம் யூட்டாவின் ப்ரமன்டரி. நாட்டைக் குறுக்கே கடக்கும் முதல் ரயில் பாதைக்காகக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இரண்டு கம்பெனிகள் போட்டுக்கொண்டு வந்த பாதைகள் 1869 மே 10-இல் சந்தித்த இடம் அது. சந்திக்கும் இடம் முடிவாகும் முன்பே இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு இணையாக மண் வேலை செய்துவிட்டிருந்தன. 1904-இல் பெரிய உப்பு ஏரியைக் குறுக்கே கடக்கும் லூசின் பாதை திறந்ததும் ப்ரமன்டரி வழி ஓரமாகிப்போனது, 1942-இல் போருக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

இரண்டு ஷீட்டையும் கண்ணால் ஒப்பிடுவது அலுத்துவிட்டால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோடிஃப் கோப்புகளைத் திறந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம், மேலே இருப்பதைப் பாதி ஒளிபுகும்படி மாற்றினால் இரண்டு காலமும் சேர்ந்து தெரியும். எல்லாம் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்ந்து தெரிந்தால் பதற வேண்டாம். பழைய ஷீட்டுகள் 1927-இன் டேட்டத்தையோ (அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்கும் அடிப்படையை டேட்டம் என்பார்கள்) அதற்கும் முந்தையதையோ பின்பற்றுகின்றன, இன்றைய வரைபடங்கள் 1983-இன் டேட்டத்தைப் பின்பற்றுகின்றன, நாட்டின் மேற்குப் பக்கம் இந்த வித்தியாசம் சுமார் 100 மீட்டர் வரை போகும். டேட்டத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் மென்பொருளே சரிசெய்துவிடும். அப்படியும் ஒரு மூலையில் மட்டும் விலகல் இருந்தால் அது பழைய அளவையின் குறை, அதைச் சரிசெய்யப் போராடாதீர்கள், 1880-களில் அவசரமாக அளந்த ஷீட்டுகளில் அது சகஜம்.

டோப்போ ஷீட் சொல்லாததைச் சொல்ல வேறு இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று, சான்போர்ன் கம்பெனி தீக் காப்பீட்டுக்காக 1867 முதல் போட்ட வரைபடங்கள்: ஒரு அங்குலத்துக்கு 50 அடி, செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், கல் கட்டடம் நீலம், தண்ணீர்த் தொட்டியும் தானியக் கிடங்கும் பெயரோடு இருக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது, ஆனால் ரொம்பச் சின்ன ஊர்களுக்கு இருக்காது. இரண்டாவது, 1913-இன் மதிப்பீட்டுச் சட்டத்தின்படி ரயில் கம்பெனிகள் தங்கள் சொத்து முழுவதையும் கணக்குக் காட்ட வரைந்த வரைபடங்கள், இவை தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார்டில் உண்மையில் எத்தனை தண்டவாளம், எஞ்சின் கொட்டகை எங்கே என்ற கேள்விக்கு இவைதான் இறுதி விடை தரும். டோப்போ ஷீட்டில் சந்தேகம் வந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு இவற்றிடம் போனால் வேலை சீக்கிரம் முடியும், நேராக இவற்றில் இறங்கினால் திசை தெரியாமல் திணற வேண்டியிருக்கும்.

நேரில் போய்ப் பார்க்கும் ஆசை வந்தால், வரும், பழைய ஷீட்டில் கோடு இருக்கிறது என்பது அங்கே நடக்க உரிமை ஆகாது. ஓடும் பாதை ரயில் கம்பெனியின் தனிச்சொத்து, அதில் கால் வைப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தர்மண்டில் கடைகளை ஒட்டியே இன்றும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. கைவிட்ட பாதையும் பல இடங்களில் பக்கத்து நிலக்காரர் கைக்குப் போயிருக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றிய பழைய ரயில் வழிகள் நாடெங்கும் இருக்கின்றன, முதல் தடவைக்கு அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஷீட்டின் அச்சுப்பிரதியோடு போங்கள், பள்ளத்தாக்குகளில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது, பிரதியின் பின்புறத்தில் அளந்த ஆண்டையும் உயரக்கோட்டு இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள், வெட்டி அச்செடுக்கும்போது ஓரம் போய்விடும்.